இடுப்பிலிருந்த சாவிக் கொத்து

சென்ற தவக்காலத்தில் ஓர் இல்லத்தில் நாம் கண்ட காட்சியை முதலில் சொல்லிவிடுகிறோம். ஊரையும் பெயரையும் வாசகர்கள் கேட்க வேண்டாம். ஏறத்தாழ எல்லாப் பங்குகளிலும் அந்த வீடு உண்டு. வீட்டுத் தலைவிக்கு வயது 72. கணவர் இறைவனடி சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பீரோச் சாவி, அரிசி அறைச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் கோத்த கொத்து ஒன்று அவ்வம்மையாரின் இடுப்பில் எந்நேரமும் தொங்கும். மருமகள் அவ்வீட்டிற்கு வந்து பதினொரு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இரு குழந்தைகளின் தாய், பள்ளி ஆசிரியை, ஒரு வகுப்பையே கட்டி ஆளத் தெரிந்தவர். ஆயினும் விருந்தினருக்குக் காப்பி கலக்க வேண்டுமானால், "அத்தை, சர்க்கரை வேணும்" என்று வந்து நிற்க வேண்டும். நமக்காகவும் அன்று அப்படியே நின்றார். காப்பி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நமக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

அம்மையாரைத் தீயவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நாள் தவறாமல் திருப்பலி காண்பவர்; அண்டை வீட்டில் ஒருவர் நோயுற்றால் கஞ்சி எடுத்துக்கொண்டு முதலில் ஓடுபவர். அவருடைய மாமியாரும் மரணப் படுக்கையில்தான் அந்தக் கொத்தை அவரிடம் கொடுத்தாராம். ஆகவே சாவி கைமாறுவது என்றால், அவர் மனத்தில் அது சாவுக்கு மறுபெயர். இதை உணராமல், 'கிழவிக்கு அதிகார ஆசை' என்று சொல்லிவிடுவது எளிது. நாமும் அன்று ஏறத்தாழ அப்படித்தான் எண்ணிக்கொண்டு திரும்பினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பருவங்களைக் கணக்கிடுவதில் தமிழர் சளைத்தவர் அல்லர். பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவங்கள். பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி கடைசிப் பருவமாகிய பேரிளம்பெண் 40 வயதோடு முடிந்துவிடுகிறாள். அதற்குப் பிறகு? புலவர்கள் பேனாவை, இல்லை, எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள்! மூட்டு வலிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் யார் உலா பாடுவார்கள்? ஆனால் நம் காலத்தில் வாழ்வின் பாதி அந்த நாற்பதுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குப் பெயரும் இல்லை, பாட்டும் இல்லை என்பதால் அதை வாழும் முறையும் நமக்குத் தெரியாமற் போயிற்றோ என்னவோ.

நற்செய்தியாளர் லூக்காவோ முதியவர்களை விட்டுவிடவில்லை. குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கியபோது அங்கே காத்திருந்தவர்கள் சிமியோனும், 84 வயதுக் கைம்பெண் அன்னாவும். அந்த முதியவர் குழந்தையைக் கையில் ஏந்தினார், இறைவனைப் போற்றினார், பின் தாயைப் பார்த்து ஆசி மொழி கூறினார். குழந்தை தாயிடமே திரும்பிச் சென்றது. எத்தனை ஆண்டுகள் காத்திருந்து ஏந்திய கைகள்! ஆயினும், 'இதை நானே வளர்ப்பேன்' என்று அவை பற்றிக்கொள்ளவில்லை.

மரியன்னையின் வாழ்வையும் பாருங்கள். பன்னிரண்டு வயது மகன் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட, மூன்று நாட்களுக்குப் பின் கண்டுபிடித்த தாய்க்குக் கிடைத்த மறுமொழி அவருக்கு விளங்கவில்லை என்றே லூக்கா எழுதுகிறார். விளங்கவில்லை, ஆயினும் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். மடியில் கிடந்த பிள்ளை ஒரு நாள் நம் கணக்கிற்கு வெளியே போய் நிற்கும்போது, அது நம்மை அவமதிப்பதாகத் தோன்றுகிறதே அன்றி, வளர்வதாகத் தோன்றுவதில்லை. கானாவூரில் பணியாளரிடம், மகன் சொல்வதைச் செய்யச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்ட தாய், சிலுவையடியில் இன்னொரு மகனை ஏற்றுக்கொண்டார். தாய்மை ஒன்றுதான், ஆனால் அது ஒவ்வொரு முறையும் வேறு வடிவம் எடுத்தது.

நம் காலத்திலேயே இரு திருத்தந்தையர் முதுமையை ஏற்ற முறையையும் நினைத்துப் பார்க்கிறோம். இரண்டாம் அருள் சின்னப்பர் நடுக்குவாத நோயோடு இறுதிவரை பணியில் நின்றார். 2005 ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று சன்னலருகே வந்து பேச முயன்றார், குரல் எழவில்லை, கையை மட்டும் உயர்த்தி ஆசி அளித்தார். ஆறு நாட்களில், ஏப்ரல் 2 அன்று, 84 ஆம் வயதில் இறைவனிடம் சென்றார். அவருக்குப் பின் வந்த பதினாறாம் பெனடிக்ட், 2013 பிப்ரவரி 11 அன்று, தம் 85 ஆம் வயதில், முதுமையால் பணியாற்ற வலிமை போதவில்லை என்று இலத்தீன் மொழியில் அறிவித்து விலகினார். ஏறத்தாழ 600 ஆண்டுகளாக எந்தத் திருத்தந்தையும் பதவி விலகியதில்லை. பின்னர் 2022 டிசம்பர் 31 வரை வத்திக்கான் தோட்டத்து மடமொன்றில் செபத்தில் வாழ்ந்தார்.

இவ்விருவரில் யார் செய்தது சரி என்று அக்காலத்தில் நம் பங்குகளிலும் வாதம் நடந்தது. நமக்கு அந்த வாதம் தேவையற்றதாகவே பட்டது. ஒருவர் தம் பலவீனத்தை உலகின் கண்முன் மறைக்காமல் சுமந்தார். மற்றவர் அதை மறைக்காமல் சொல்லி இறக்கி வைத்தார். இருவருமே, தாம் முன்போல் இருப்பதாக நடிக்கவில்லை. ஆயர்கள் 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் அளிக்குமாறு 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. இல்லங்களுக்கு அத்தகைய சட்டம் இல்லை. இருந்தால், கடிதத்தை வாங்கிக்கொள்ள மருமகள்கள் முந்துவார்கள் என்று சிரிப்பீர்கள்! ஆனால் வாங்கிக்கொள்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அது பின்வருவதில் விளங்கும்.

சித்திரை மாதத்து இரவொன்றில் அந்த அம்மையார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. பணமும் காப்பீட்டுத் தாள்களும் பீரோவில். எந்தச் சாவி என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. மருமகள் நடுங்கும் கையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறந்தார். தாள்கள் கிடைத்தன. எவரும் தொடக்கூடாது என்று பூட்டியிருந்த உள் இழுப்பறையில் என்ன இருந்தது தெரியுமா? மாமனாரின் மூக்குக் கண்ணாடி, அவருடைய செபமாலை, அவர் கையெழுத்தில் கடைசியாக எழுதிய மளிகைப் பட்டியல்.

"அதைப் பார்த்தேன், இத்தனை வருடக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை" என்றார் அந்தப் பெண் நம்மிடம். அவர் பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை என்று எண்ணியிருந்தது சர்க்கரை அன்று.

மருத்துவமனையில் இன்னொன்று நடந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் குருவானவரை அழைக்க மகன் தயங்கினார். "அம்மா பயந்துவிடுவாள்" என்றார். பழைய 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயர் செய்த வேலை இது. நோயில்பூசுதல் சாவின் விளிம்பில் நிற்பவருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இலேயே கூறிற்று. முதுமையால் தளர்ந்தவரும் பெறலாம், மீண்டும் பெறலாம். நம் வீடுகள் இன்னும் அஞ்சுகின்றன. கடைசியில் அம்மையாரே பேரனிடம், "சாமியாரைக் கூப்பிடுடா" என்றார். எண்ணெய் பூசப் பெற்றபின் முதன்முறையாக அமைதியாக உறங்கினாராம்.

சென்ற திங்கள் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். வாக்கர் பிடித்துக் கூடம் வரை நடக்கிறார். திரு இருதயப் படத்தின் கீழே ஓர் ஆணி. அதில் சாவிக் கொத்து. ஒரு சாவி மட்டும் அதில் இல்லை. இழுப்பறைச் சாவியைத் தனியே கழற்றி, மாமியாரின் தலையணைக்கடியில் மருமகளே வைத்துவிட்டார். அம்மையார் கட்டிலில் சாய்ந்தபடி, புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பேத்திக்கு மந்திரங்கள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு நம்மிடம் முகம் சுளித்தார்.

"சாமி, சர்க்கரையை இப்படி அள்ளிக் கொட்டினால் மாதக் கடைசியில் என்ன செய்வாள் இவள்?"

அடுக்களையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. பின், "அத்தை, நாளைக்கு என்ன குழம்பு வைக்கட்டும்?" என்ற குரலும் வந்தது.