டயர்ல காத்து பாத்தீங்களா, மாப்பிள்ளை?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. சுங்கை சிப்புட்டில் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு திருமணம். பத்துமலையிலிருந்து ஆறரை மணிக்கே கிளம்பினால்தான் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார் என்று ஐந்து பேர். காரின் பின்னால் சீர்ப் பாத்திரங்களும் துணிப் பெட்டிகளும்.

மாமா ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். காரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுக் கேட்டார்: "டயர்ல காத்து பாத்தீங்களா, மாப்பிள்ளை?"

"போன மாசம்தான் சர்வீஸ் செஞ்சேன் மாமா. விளக்கும் எரியல."

"விளக்கு கிடக்கட்டும். ஒரு எட்டு பாத்துட்டே போயிடலாம்."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். நேரமாகிறது. ஆனாலும் பெரியவர் பேச்சைத் தட்ட முடியாமல் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்குக் காரை விட்டேன்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டி இருக்கும். என் காருக்கு அதில் 220 கிலோபாஸ்கல் என்றும், ஆளும் சுமையும் நிறைந்தால் பின்சக்கரங்களுக்கு 240 என்றும் போட்டிருக்கிறது. மூன்று டயர்களில் 210 காட்டியது. இடது பின்சக்கரத்தில் 150. இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்! அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் என் சின்ன மகள் உட்கார்ந்திருந்தாள்.

மாமா டயரைக் கையால் தடவிப் பார்த்தார். ஓர் ஆணியின் தலை தட்டுப்பட்டது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. ரீசெட் பட்டனை அழுத்தினேன், அணைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பல கார்களில் டயருக்குள் காற்றை அளக்கும் கருவி கிடையாது. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு சற்றே குறையும். அதனால் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விளக்கு எரிகிறது. குறைந்த காற்றோடு ரீசெட் செய்தால், "இதுதான் சரியான அளவு" என்று நாமே காருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். நான் செய்ததும் அதுதான். நான்கு டயர்களிலும் ஒரே அளவு காற்று குறைந்தாலும் இந்த வகைக் கருவி கண்டுபிடிக்கத் தடுமாறும்.

விளக்கு கட்டாயமான கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில், ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அங்குள்ள சாலைப் பாதுகாப்புத் துறை 271 மரணங்களை அந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது. டயரில் குறை இருந்தது. ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் குறைவாக இருந்ததும் பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டு வந்த சட்டத்தால்தான் இந்த எச்சரிக்கைக் கருவி அங்கே கட்டாயமானது. அந்த விதிப்படிகூட, காற்று 25 விழுக்காடு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். அதாவது 220 என்பது 165 ஆகும் வரை அது சும்மா இருக்கலாம்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சூடேறுவது போல ரப்பரும் சூடேறும். நம் ஊர் வெயில், நிறைந்த சுமை, நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம், மூன்றும் சேர்ந்தால் டயர் வெடிக்கும். மழையில் டயர் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் வழுக்கும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். அதற்காக அளவுக்கு மேல் அடிப்பதும் தப்பு. டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், சாலையில் பிடிப்பு குறையும்.

மாமா சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்:

மாதம் ஒரு முறை பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முன்பு கட்டாயம் பாருங்கள். நல்ல டயரிலும் மாதத்துக்குச் சுமார் 7 கிலோபாஸ்கல் தானாகக் குறையும்.

டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிய டயரில் 20, 30 கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விடாதீர்கள்.

கதவுத்தூண் ஒட்டியில் உள்ள அளவையே வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. பி.எஸ்.ஐ. கணக்கில் பார்ப்பவர்களுக்கு, 220 என்பது 32. 240 என்பது 35.

உபரி டயரை மறக்காதீர்கள். மெலிந்த வகை உபரி டயருக்குப் பெரும்பாலும் 420 வேண்டும். வால்வு மூடியைத் திரும்பப் போடுங்கள்.

விளக்கு எரிந்தால் முதலில் காற்று, பிறகுதான் ரீசெட்.

அன்று டயர் கடை திறக்கும் வரை காத்திருந்தோம். ஓட்டை அடைக்கக் கொடுத்த காசு, நாங்கள் ஐந்து பேரும் பசியாறிய செலவைவிடக் குறைவு. தாலி கட்டும் நேரம் தவறிவிட்டது. பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்.

ரவாங் தாண்டியதும் நான், "மன்னிச்சிருங்க மாமா, உங்க பேச்ச மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "எங்கப்பா முப்பது வருஷம் பால் வெட்டுனாரு மாப்பிள்ளை. டயர் எதுல செய்யிறாங்கன்னு நமக்குத் தெரியாதா? அத நாமளே பாக்கலன்னா எப்படி?"

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் காற்று பார்ப்பது என் வேலை. சின்ன மகள்தான் எண்ணைப் படித்துச் சொல்கிறாள். இந்த வாரம் நீங்களும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். நான்கு டயருக்கும் ஐந்து நிமிடம் போதும்.