ஜெகிலின் கைத்தடியும் நமது சிரிப்பும்

மட்டமான ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அதை விமர்சித்தாகிவிட்டது என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. மோசமான நாவல் வந்தால் அதன் இரண்டு வாக்கியங்களைக் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறோம், சிரிப்பு எழுகிறது, தேநீர் வருகிறது. நாவல் ஏன் மோசம் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. இதை நான் ஒரு பழைய டி.வி. கேமை முன்வைத்துச் சொல்லப்போகிறேன். இந்தப் பத்திரிகையில் அதற்கென்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் கவிதைப் பக்கங்களுக்குப் போய்விடலாம். அவற்றில் சில இந்த ஆட்டத்தைவிட மோசம்.

ஆட்டத்தின் பெயர் 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. 1988-ல் ஜப்பானில் தோஹோ வெளியிட்டது. காட்ஸில்லா படங்களை எடுத்த அதே தோஹோதான். 1989-ல் பண்டாய் அதை அமெரிக்காவில் நின்டென்டோ எந்திரத்துக்கான கேசட்டாக விற்றது. பிரபலமான பெயரொன்றைப் பிடித்து, அதன் முதுகில் ஓடித் தாவும் ஆட்டமொன்றைக் கட்டிவிடுவது அந்தக் காலத்து வியாபாரம். சினிமாப் பெயர் என்றால் உரிமை வாங்க வேண்டும். ஸ்டீவன்ஸன் 1894-லேயே செத்துப்போனவர், அவர் பெயர் இலவசம். நின்டென்டோவின் அனுமதி மட்டும் தேவை. அனுமதியில்லாத கேசட்டை ஓடவிடாமல் தடுக்க எந்திரத்துக்குள்ளேயே ஒரு சில்லு இருந்தது. வெளி நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் வருஷத்துக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடக்கூடாது என்ற விதியும் இருந்தது. இத்தனை காவலையும் தாண்டி, தரமானது என்ற முத்திரையோடுதான் இது கடைக்கு வந்தது. முத்திரை எதற்கும் உத்தரவாதமில்லை என்பதைப் பரிசு பெற்ற நூல்களைப் படிக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டம் இதுதான். ஜெகில் தன் கல்யாணத்துக்காகத் தேவாலயத்துக்கு நடந்து போகிறார். இடமிருந்து வலமாக, மாப்பிள்ளைக் கோலத்தில், சகிக்க முடியாத நிதானத்தில். நாய் பாய்கிறது, பூனை பாய்கிறது, சிறுவன் கவண்கல் எறிகிறான், பறவை எச்சமிடுகிறது, ஒருத்தி பாடும் பாட்டின் ஸ்வரங்கள்கூடக் காயப்படுத்துகின்றன. ஒருவன் வெடிகுண்டை வைத்துவிட்டுப் போய்க்கொண்டேயிருக்கிறான். ஜெகிலின் கையில் ஒரு தடி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அதை வீசுகிறார், பெரும்பாலும் எதற்கும் எதுவும் ஆவதில்லை. அடிபட அடிபடக் கோபத்தின் அளவு ஏறி, நிரம்பியதும் அவர் ஹைட் ஆகிறார். ஊர் இருண்டுவிடுகிறது. இப்போது வலமிருந்து இடமாக நடக்க வேண்டும், திரை தானாகவே நகர்ந்து தள்ளுகிறது. பேய்களைக் கொன்றால் கோபம் தணிந்து ஜெகில் திரும்புவார். அதற்குள், ஜெகில் எந்த இடத்தில் ஹைட்டாக மாறினாரோ அதற்கு நேரான இடத்தை ஹைட் எட்டிவிட்டால் மின்னல் விழுந்து சாவு.

2004-ல் ஜேம்ஸ் ரால்ஃப் என்ற அமெரிக்கர் இந்த ஆட்டத்தை வசைபாடிப் படம் எடுத்தார். 2010-ல் அவரே திரும்ப வந்து, இதில் ஏதோ பெரிய பொருள் இருக்கிறது என்கிற மாதிரியும் பேசிப்பார்த்தார். அவர் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு வருபவர், அவரோடு எனக்குச் சண்டையில்லை. அவரைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தைத் தொடாமலே சிரிக்கும் நம் நண்பர் ஒருவரோடும், அதே படத்தைப் பார்த்துவிட்டு இதை 'தானறியாமல் பிறந்த அபத்த நாடகம்' என்று சிலாகிக்கும் இன்னொரு நண்பரோடும்தான் சண்டை. இருவரும் செய்வது ஒரே காரியம். ஒருவர் படைப்பை உதைக்கிறார், மற்றவர் தூக்கி வைத்துக்கொள்கிறார். இருவருமே படிக்கவில்லை.

முதலில், வறுமையைச் சாக்குச் சொல்லக்கூடாது. எந்திரத்தின் உள்நினைவு 2 கிலோபைட்தான். ஒரு கிடைவரியில் 8 சின்ன உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஆனால் அது யாப்பு மாதிரி. அதே எந்திரத்தில் 1985-ல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. அங்கே தாவினால் எங்கே விழுவோம் என்பது உடம்புக்குத் தெரிகிறது, விழுந்தால் குற்றம் நம்முடையது. இங்கே தடி எதற்காக இருக்கிறது என்று ஆட்டம் சொல்வதில்லை. மின்னல் ஏன் விழுந்தது என்றும் சொல்வதில்லை. பூடகம் வேறு, சொல்லத் தவறுவது வேறு. நம் கவிஞர்கள் பலர் இன்னும் இதைப் பிரித்தறியவில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1886-ல் வந்த ஸ்டீவன்ஸனின் கதையில் ஜெகிலை யாரும் ஹைட்டாக மாற்றவில்லை. அவரே மருந்தைக் கலக்கிக் குடிக்கிறார், குடிக்க விரும்புகிறார். ஊர் முன்னால் கௌரவமாக நிற்கவும் வேண்டும், இஷ்டப்படி இருக்கவும் வேண்டும் என்ற ஆசையிலிருந்து பிறந்தவன் ஹைட். ஆட்டத்திலோ ஜெகில் பரம சாது. நாயும் பையனும் பறவையும் சேர்ந்து அவரைக் கெடுக்கிறார்கள். 'நான் நல்லவன், ஊர் சரியில்லை' என்ற நடுத்தர வர்க்கத்துச் சுயபச்சாதாபத்துக்கு இதைவிடச் சுத்தமான உருவம் கிடைக்காது. கல்யாணமும் ஸ்டீவன்ஸனுடையதல்ல, அவர் கதையில் மணப்பெண்ணே கிடையாது. ஆட்டத்து மணப்பெண்ணின் பெயர் மில்லிசென்ட்; 1920-ல் ஜான் பாரிமோர் நடித்த மௌனப்படத்தில் ஜெகிலின் காதலிக்கும் அதுதான் பெயர். ஆக, கேசட்டின் மேல் அச்சான தலைப்பு ஸ்டீவன்ஸனிடமிருந்து வந்தது, உள்ளே இருப்பது நகலின் நகல். கதை வெளிவந்தபோது இருவரும் ஒருவரே என்பது கடைசிக்குச் சற்று முன்புவரை வாசகனுக்குத் தெரியாது. இன்று தலைப்பைக் கேட்டதுமே தெரிந்துவிடுகிறது. ரகசியம் போனபின் மிச்சமிருந்த புகழை எடுத்து விற்றார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நேர்மையாகாது. அந்த எதிர்நடையை யோசித்தவன் ஒரு கலைஞன். ஒரே தெருவில் ஒருவன் வலப்பக்கம் போகிறான், மற்றவன் இடப்பக்கம் வருகிறான். சந்தித்தால் சாவு. ஹைட்டாக ஆடும்போது நான் முன்னேறக்கூடாது, ஆனால் திரை என்னைத் தள்ளிக்கொண்டேயிருக்கிறது. கொன்றால்தான் கனவானாகத் திரும்ப முடியும். கௌரவத்துக்குத் திரும்பும் வழி கொலை என்பதை வசனமாக யாரும் சொல்லவில்லை, கட்டைவிரல் செய்து தெரிந்துகொள்கிறது. ஸ்டீவன்ஸனை 'அப்படியே' எடுத்ததாகச் சொல்லும் படங்களில் எனக்கு இது கிடைத்ததில்லை. உருவம் கதையை எட்டிப் பிடித்த இடம் அது. அந்த உருவத்தைத்தான் பறவை எச்சத்திலும் பயனற்ற தடியிலும் புதைத்துவிட்டார்கள். சிரிக்கிறவருக்குப் புதைத்த இடம் மட்டுமே தெரிகிறது. சிலாகிக்கிறவரோ புதைத்த மண்ணையும் கலை என்கிறார்.

இந்த ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றுக்கு ஜெகில் போதும், மற்றதற்கு ஹைட்டும் தேவாலயத்தை அடைய வேண்டும். கூட்டத்தில் சிரித்த நண்பரும், மறுவாரம் கட்டுரை வாசித்த நண்பரும் எந்தத் தெரு வரை நடந்தார்கள் என்பதை அடுத்த இதழில் எழுதட்டும்.