பாகூர்ப் பள்ளியில் பூட்டிய பொறி

பாகூரில் கிடைத்த செப்பேடுகளைத் தமிழன்பர்கள் அறிவர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் அவ்வூர்க் கல்விநிலையத்துக்கென மூன்று ஊர்களையே கொடையாக எழுதி வைத்தான். அங்கு ஓதப்பெற்றதோ வடமொழிக் கல்வி! உழுத தமிழன் விளைச்சலைத் தந்தான். அவன் பிள்ளைக்கு அக்கல்வியின் வாயில் திறக்கவில்லை.

இன்று பாகூரிலும் வில்லியனூரிலும் அரசுப் பள்ளிகள் உள்ளன. அவன் பிள்ளைகள் உள்ளே அமர்ந்துள்ளனர். ஆனால் கணினிக் கல்வி என்றாலே விண்டோசு என்னும் ஒரு குழுமத்தின் சரக்குதான் என்று எண்ணும் அடிமைப் பழக்கம் நம்மவரைவிட்டு அகலவில்லை. அதன் மூலநிரலை மாணவன் பார்க்கவும் இயலாது; திருத்தவும் இயலாது; படியெடுத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்தாலோ, குற்றம்! விண்டோசு 10க்கான வழக்கமான பேணுதலை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அக்குழுமம் முடித்துக்கொண்டது. பழைய பொறிகள் பலவற்றை விண்டோசு 11 ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வாங்கு என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

அவற்றிற் பெரும்பாலானவற்றில் இலினக்சு இன்றும் ஓடும். 1983இல் இசுட்டால்மன் அறிவித்த குனுத் திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் தோர்வால்சு வெளியிட்ட கருவும் சேர்ந்து வளர்ந்த இயங்குதளம் அது. எவரும் பயன்படுத்தலாம், பயிலலாம், திருத்தலாம், பகிரலாம். விலையின்மையைவிட இவ்வுரிமையே நமக்குப் பெரிது.

நடக்கக் கூடியதா என்று ஐயுறுவோர் கேரளத்தைப் பார்க்கட்டும். 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தை அவர்கள் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றினர், ஆசிரியர்களையும் பயிற்றுவித்தனர். நம் புதுவை அரசின் கீழுள்ள மாகே, நெடுங்காலம் அந்தக் கேரளப் பாடத்திட்டத்தில்தான் இருந்தது. மாகேக்குப் பொருந்தியது பாகூருக்குப் பொருந்தாதோ?

தமிழ்நாடும் முயலாமல் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு ‘பாசு’ என்னும் இலினக்சையும் சேர்த்தே கொடுத்தனர். கற்பிப்பார் இல்லாத இடத்தில் இரண்டில் எது வென்றிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா! இயங்குதளத்தை நிறுவுதல், பயனர்க்குக் கணக்கும் அளவான உரிமையும் அமைத்தல், கோப்புகளைப் படியெடுத்துக் காத்தல், ஒரு வழங்கியைக் கொண்டு அறை முழுவதையும் இயக்குதல் ஆகிய ஆள்வினைக் கல்வியை மேல்வகுப்பு மாணவர்க்கே கொடுத்தால்தான் அது நிலைக்கும். நகரத்திலிருந்து பழுது பார்ப்பவர் வரும்வரை கணினியைத் துணியால் மூடி வைக்கும் நிலையும் ஒழியும்.

விண்டோசிலும் தமிழ் முகப்பு உண்டே என்பர். உண்டு, அதில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அக்குழுமம். இலினக்சின் தமிழோ, தமிழகத்திலும் ஈழத்திலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் ஆக்கித் தந்தது. அதில் ஒரு பிழைச்சொல்லைக் கண்டால், வில்லியனூர் மாணவி தக்க தூய சொல்லை எழுதி அனுப்பலாம்; ஏற்கப்பெற்றால் உலகெங்கும் அச்சொல்லே தோன்றும். (ஆணைச் சொற்கள் இன்னும் ஆங்கிலமாகவே உள்ளன. அதை மறைப்பதற்கில்லை.)

2023-24 முதல் புதுவை அரசுப் பள்ளிகள் நடுவண் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டன. தமிழுக்கு இருந்த இடம் சுருங்கிய இவ்வேளையில், அத்திட்டத்தையே தடையாகக் காட்டுவோர் உளர். அதன் மேனிலைக் கணினிப் பாடத்தில் உள்ள பைத்தான் கட்டற்ற மொழியே. இலினக்சில் தங்குதடையின்றி ஓடும். எனவே இச்சாக்கும் செல்லாது.

கொம்யூனுக்கு ஒரு பள்ளியிலேனும் வரும் கல்வியாண்டில் இதனைத் தொடங்குமாறு கல்வித்துறையை வற்புறுத்துவோம். விழுப்புரத்தில் குனு/இலினக்சுப் பயனர் குழுவினர் சிற்றூர் மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்து வருகின்றனர். வில்லியனூரும் விழுப்புரமும் ஒரே தொடர்வண்டித் தடத்தில்தான் உள்ளன. கணினி அறிந்த நம் அன்பர்கள் முதலில் அங்குச் சென்று பார்த்து வருக. பின்னர்த் தத்தம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைக் காண்க.