பிளக்கைப் பிடுங்கிய அம்மா

இரவுச் சாப்பாட்டு வேளை. பெண் அறையை விட்டு வரவில்லை. அம்மா நேரே உள்ளே போய்ப் பார்க்கிறாள். பெண்ணோ தலையில் ஒரு யந்திரத்தை மாட்டிக்கொண்டு, கட்டிலில் கண்மூடிக் கிடக்கிறாள். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டாள்!

"எங்கள் வீட்டுச் சமாசாரத்தை உங்களிடம் யார் சொன்னது?" என்று கேட்காதீர்கள். இவள் ஜப்பான் தேசத்து அம்மா. 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' என்ற அனிமே சித்திரத் தொடரில் வருகிறவள். ரெக்கி கவஹாராவின் நாவல்களை வைத்து 2012-ல் தொடங்கிய தொடர் அது. நம் வீட்டுப் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்களே, அதே ரகம்தான்.

கதை இதுதான். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள் பதினாயிரம் பேர் நுழைகிறார்கள். வெளியே வர வழியில்லை. 100 அடுக்குகளையும் ஜெயித்தால்தான் விடுதலை. உள்ளே உயிர் போனால் வெளியேயும் போயிற்று. அகப்பட்டவர்களில் அஸுனா என்ற பெண்ணும் ஒருத்தி.

வாள் சண்டைதானே என்று அலட்சியமாகத்தான் நானும் உட்கார்ந்தேன். பார்த்தால், அஸுனா சமைக்கிறாள்! அந்த உலகத்தில் ஸோயா சாஸ் கிடையாது. அங்கே உள்ள மசாலாக்களையெல்லாம் கலந்து கலந்து பார்த்து, ஒரு வருஷம் பாடுபட்டு, அந்த ருசியைக் கொண்டுவந்துவிடுகிறாள். 2013-ல் வந்த 'லாக் ஹொரைஸன்' என்ற தொடரில் இன்னும் வேடிக்கை. பட்டனைத் தட்டினால் பட்சணம் தயார். ஆனால் எல்லாம் சப்பென்று இருக்கும். சமையல் தெரிந்தவர்கள் கையால் செய்தால்தான் ருசி! அந்த ரகசியம் தெரிந்ததும் ஊரே உயிர் பெறுகிறது.

இதில் என்ன மயக்கம் என்கிறீர்களா? எனக்குத் தோன்றுவது இது. அங்கே செய்கிற வேலை வீண் போவதில்லை. ஒரு காரியத்தைச் செய்தால் உடனே ஓர் எண் ஏறுகிறது. நேற்றைவிட இன்று நீ தேவலை என்று கண்ணெதிரே தெரிகிறது. நாம் இருபது வருஷமாக ரசம் வைக்கிறோம். "அம்மணி, இன்று ரசத்தில் ஒரு படி உயர்ந்துவிட்டீர்கள்" என்று எந்த மணியாவது அடித்ததுண்டா? விடிய விடியப் படித்தும் மார்க்கு வராத பிள்ளைக்கு அந்த மணியோசை எவ்வளவு இனிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (முதல் நாளே கதாநாயகன் மகா சூரனாகி, அவனைச் சுற்றிப் பெண்கள் மயங்கி விழும் தொடர்களும் ஏராளம். அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.)

பிளக்கைப் பிடுங்கிய அம்மாவை விட்டுவிட்டேனே! 2014-ல் வந்த இரண்டாம் பாகத்தில் நடப்பது அது. அஸுனா விடுதலையாகி வந்துவிட்டாள். ஆனால் இரண்டு வருஷப் படிப்பு போயிற்று. அம்மா பொருளாதாரப் பேராசிரியை; பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றத் துடிக்கிறாள். தான் குடியானவர் வீட்டில் பிறந்தவள் என்பதில் அவளுக்கு ஒரு குறுகுறுப்பும் உண்டு.

அஸுனா சண்டை போடவில்லை. "சற்று நேரம் என்னோடு உள்ளே வா, அம்மா" என்று கெஞ்சி அழைத்துப் போகிறாள். அங்கே அவளுக்கு ஒரு மரவீடு. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய மரங்கள். அம்மாவின் பிறந்த வீட்டுக் காட்சி அப்படியே! காலமாகிவிட்ட தாத்தாவும் பாட்டியும் முன்பு பேத்தியிடம் சொன்னதை அஸுனா இப்போது சொல்கிறாள்: மகள் என்றைக்காவது களைத்துத் திரும்பினால் வருவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்றுதான் அந்த வீட்டை வைத்திருந்தார்களாம்.

அம்மாவின் கன்னம் நனைகிறது. அழவில்லை என்று சாதிக்கிறாள். பயனில்லை, அந்த உலகத்தில் கண்ணீரை மறைக்க முடியாது.

மறுநாள் காலை, பழைய பள்ளியிலேயே படிக்க அம்மா சம்மதித்துவிட்டாள். நல்ல மார்க்கு மட்டும் வாங்கியாக வேண்டுமென்று ஒரு நிபந்தனை. அம்மா அல்லவா!