மின்சாரத்துக்கும் முகூர்த்த நாள் உண்டு

தோவாளைப் பூச்சந்தையில் விடியலுக்கு முன்பே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். முகூர்த்த நாளென்றால் பிச்சியும் மல்லிகையும் கைக்கு எட்டாத விலைக்குப் போகும். முகூர்த்தம் இல்லாத நாளில் அதே தோட்டத்துப் பூ கூடை கூடையாகத் தேங்கும். அன்று விற்காத பூவுக்கு மறுநாள் மதிப்பில்லை. அங்கிருந்து ஆரல்வாய்மொழியைக் கடந்து சற்றுத் தொலைவு போனால் முப்பந்தல். கணவாய்க் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கின்றன. அவை தருவதும் பூவைப் போன்ற சரக்குதான். உண்டான கணத்திலேயே யாராவது அதை வாங்கிப் பயன்படுத்தியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் மின்சாரம் என்றாலே பேச்சு இரண்டு இடங்களில்தான் சுற்றுகிறது: கரண்ட் போகுமா, கட்டணம் ஏறுமா. இரண்டுக்கும் விடை வேறோர் இடத்தில் இருக்கிறது. மின்வாரியம் எந்த மணியில் எவ்வளவு வாங்குகிறது, எந்த மணியில் மிஞ்சுவதை யாரிடம் விற்கிறது, வாங்கியதற்கு எப்போது பணம் தருகிறது என்ற அன்றாட வியாபாரத்தில்தான் அந்த விடை இருக்கிறது. (2010-இல் பிரிந்து, 2024-இல் மறுபடியும் பிரிந்து, இன்று மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறிவிட்டாலும், மக்கள் வாயில் அது இன்னும் மின்வாரியம்தான்.)

இந்த வியாபாரத்துக்குக் கதவு திறந்தது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். மின்நிலையம் கட்ட உரிமம் தேவையில்லை என்றும், அடுத்தவர் கம்பி வழியாகத் தன் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கட்டணம் கொடுத்து அனுமதி பெறலாம் என்றும், மின்சாரத்தை வாங்கி விற்பதே தனித் தொழில் என்றும் அந்தச் சட்டம் வகுத்தது. 2008 ஜூனில் இந்திய எரிசக்திச் சந்தை இயங்கத் தொடங்கியது. அங்கே ஒரு நாளை 96 துண்டுகளாக வெட்டி விற்கிறார்கள். துண்டு ஒன்றுக்குக் கால் மணி நேரம். நாளைய தேவைக்கு இன்று நண்பகலுக்குள் விலை கேட்க வேண்டும். கணக்கு தப்பினால் 2020 ஜூனில் தொடங்கிய உடனடிச் சந்தையில் அரைமணிக்கு ஒருமுறை நடக்கும் ஏலத்தில் சரிக்கட்டலாம்.

அந்தச் சந்தையின் விலைப் பலகையைப் பார்த்தால் தோவாளை நினைவுதான் வரும். வெயில் ஏறிய நடுப்பகலில் நாடெங்கும் சூரியத் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டுவதால் விலை சரிகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தகடுகள் ஓய்ந்துவிட, வீடுகளில் விசிறியும் ஏசியும் ஓடத் தொடங்க, விலை கிடுகிடுவென உயர்கிறது. 2022 மார்ச்சில் வெயிலும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டபோது யூனிட் விலை 20 ரூபாயைத் தொட்டது. அதன் பிறகுதான் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்து, 2023 ஏப்ரலில் அதை 10 ரூபாயாகக் குறைத்தது. நேர்மாறாக, மழை முந்திக்கொண்ட 2025 மே மாதத்தில், சில பகல் பொழுதுகளில் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கே இறங்கியது. ஒரே சரக்கு, ஒரே கம்பி. காலம்தான் வேறு.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் இங்கே இருட்டு எப்படி இருந்தது என்பதைக் கோவையின் பம்புசெட் பட்டறைகளும் சிவகாசி அச்சகங்களும் மறந்திருக்காது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், மற்ற மாவட்டங்களில் நாளின் பாதிக்கு மேல் மின்தடை இருந்தது. அந்தக் காலத்தில் வடக்கே மின்சாரம் கிடைத்தது, கொண்டுவரத்தான் வழியில்லை. தென்னிந்தியாவை மற்ற மண்டலங்களோடு இணைக்கும் பாதை அவ்வளவு குறுகலாக இருந்ததால், சந்தையில் தெற்குக்கென்று தனி விலை உருவானது, அதுவும் உயர்ந்த விலை. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கி, தெற்கு நாட்டின் மின்கட்டமைப்போடு ஒரே துடிப்பில் இணைந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் உயரழுத்த நேர்மின் தடமும் வந்தது. கொண்டுவர வழியில்லை என்று இன்று சொல்ல முடியாது. வாங்கும் திறமையும் விற்கும் திறமையும்தான் கேள்வி.

இதில் முதல் சிக்கல் நீண்டகால ஒப்பந்தம். இருட்டின் பயத்தில் 2013-இல் மின்வாரியம் பதினைந்து ஆண்டுகளுக்கு யூனிட் 4.91 ரூபாய் வீதத்தில் 3,330 மெகாவாட் வாங்கக் கையெழுத்திட்டது. அன்றைய நெருக்கடியில் அது தவறு என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் நிலைக்கட்டணம் என்று ஒன்று உண்டு. நிலையம் தயாராக நின்றால், மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். ஆடி மாதம் காற்று கொட்டும்போது அனல் நிலையத்தைக் குறைத்து ஓட்டச் சொன்னாலும் அந்த வாடகை நிற்காது.

சூரிய மின்சாரத்தில் பாடம் இன்னும் கடுமையானது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் பூங்காவுக்கு 2015-இல் 25 ஆண்டு ஒப்பந்தம் யூனிட் 7.01 ரூபாய்க்குப் போடப்பட்டது. இரண்டே ஆண்டு கழித்து, 2017-இல் இதே தமிழ்நாடு 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டபோது விலை 3.47 ரூபாய். தகட்டின் விலை உலகெங்கும் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டி நிர்ணயித்த விலைக்கு ஒரே மூச்சில் பெருங்கொள்முதல் செய்ததன் விளைவு இது. அதற்காக, போட்ட ஒப்பந்தத்தை முறிக்கப் பார்ப்பது இன்னும் பெரிய பிழை. ஆந்திரம் 2019-இல் பழைய காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைத் திருத்த முயன்றது. வழக்கு நடந்து, 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொல்லிவிட்டது. கையெழுத்தை மதிக்காத இடத்தில் அடுத்த முதலீட்டாளர் அந்த ஆபத்தையும் விலையில் சேர்த்தே கேட்பார்.

விவசாயி ஒரே நாளில் நிலம் முழுவதும் விதைப்பதில்லை. ஈரம் பார்த்து, பட்டம் பார்த்து விதைப்பார். கொள்முதலும் அப்படித்தான் இருக்க வேண்டும். என்றும் குறையாத அடித்தேவைக்கு நீண்டகால ஒப்பந்தம், அதையும் ஆண்டுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, கோடைக்கு மட்டும் சில மாத ஒப்பந்தம், மீதத்துக்குச் சந்தை. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சம் ஆண்டில் சில நாள், நாளில் சில மணி நேரம். அதற்காக ஆண்டு முழுவதும் நிலைக்கட்டணம் கட்டும் ஒப்பந்தம் போடுவது, ஒரு கல்யாணத்துக்காக மண்டபத்தையே விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

விற்பனைப் பக்கம் தமிழ்நாட்டின் உண்மையான செல்வம் காற்று. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் சோதனையாகத் தொடங்கிய காற்றாலைகளின் நிறுவுதிறன் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வைகாசியில் கிளம்பும் காற்று ஆனி, ஆடி, ஆவணியில் உச்சம் பிடித்துப் புரட்டாசியில் அடங்கும். இதே மாதங்களில் பஞ்சாபில் நெல் நடவு. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் அங்கே கொண்டுவந்த சட்டம் நடவைக் கோடையின் இறுதிக்குத் தள்ளியதால், ஜூன் முதல் அந்த மாநிலத்தின் பம்புசெட்டுகள் அனைத்தும் ஒன்றாக ஓடுகின்றன. தமிழ்நாட்டுக்கு மிஞ்சும் காலம் அவர்களுக்குத் தட்டுப்பாடு. மாசி, பங்குனி, சித்திரையில் தமிழ்நாடு தவிக்கும்போது அவர்களுக்குத் தேவை குறைவு. மின்வாரியம் வட மாநிலங்களுடன் கொடுத்து வாங்கும் பண்டமாற்று முறையைக் கடைப்பிடித்துத்தான் வருகிறது. பணமே கைமாறாமல் கோடையில் வாங்கிய யூனிட்டைக் காற்றுக் காலத்தில் திருப்பித் தருவது எவ்வளவு புத்திசாலித்தனமான வியாபாரம்! இதை அவ்வப்போது தேடிப் பிடிக்கும் ஏற்பாடாக வைக்காமல், பல ஆண்டு உடன்பாடுகளாக வளர்க்க வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காற்று எப்போது எவ்வளவு அடிக்கும் என்ற முன்கணிப்பை நம்பகமாக்க வேண்டும். நாளை மாலை எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாதவர் சந்தையில் துணிந்து விற்க மாட்டார். தயங்கி நின்று, கடைசியில் காற்றாலையை நிறுத்தச் சொல்வார். அப்படி நிறுத்தச் சொன்ன கதைகள் தென்மாவட்டங்களில் ஏராளம். கணவாயில் காற்று வீச, இறக்கை சும்மா நிற்பதைப் போன்ற வீண் வேறில்லை.

பணம் கொடுப்பதில் இருக்கும் தாமதம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வலிப்பது. 2022 ஆகஸ்டில் ஒருநாள், உற்பத்தியாளர்களுக்கு வைத்த பாக்கிக்காக 13 மாநிலங்களைச் சேர்ந்த 27 விநியோக நிறுவனங்கள் சந்தையில் வாங்கவோ விற்கவோ கூடாது என்று தேசிய மின்கட்டமைப்பு இயக்குநர் அமைப்பு உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த தாமதக் கட்டண விதிகளின்படி எடுத்த நடவடிக்கை அது. பாக்கி வைப்பது கடன் வாங்குவதைவிட மோசம். வட்டி கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த ஏலத்தின் விலையில் ஏறிவிடும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் பல்லடத்திலும் காற்றாலை வைத்திருப்பவர்களில் பலர் பெருங்கோடீஸ்வரர்கள் அல்லர். ஒரு நூற்பாலை, ஒரு பனியன் கம்பெனி, அதற்கென்று வங்கிக் கடனில் ஒன்றோ இரண்டோ காற்றாலை. அவர்களுக்கு ஆறு மாதம் பணம் வராவிட்டால் தவணை நிற்கும்.

உற்பத்தியாளர்களும் தங்கள் பங்குக்கு மாற வேண்டும். வெயில் உள்ளபோது தருவேன், இல்லாதபோது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற விற்பனையின் காலம் முடிந்துவருகிறது. மத்திய முகமைகளின் ஏலத்தில் வென்றும், வாங்கும் மாநிலங்கள் கையெழுத்திடாமல் தேங்கிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்கள் 2025-இல் 40,000 மெகாவாட்டைத் தாண்டின. விநியோக நிறுவனங்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பகல் மின்சாரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் தேடுவது மாலை ஆறு மணிக்குக் கிடைக்கும் மின்சாரத்தை.

அங்கேதான் பேட்டரி வருகிறது. 2022-இல் மத்திய சூரியசக்திக் கழகம் நடத்திய ஏலத்தில் ஒரு மெகாவாட் சேமிப்புக்கு மாத வாடகை 10.84 லட்சம் ரூபாய். 2024 இறுதியில் சில மாநில ஏலங்களில் அது 2.3 லட்சத்துக்கும் கீழே போனது. மத்திய அரசின் உதவித்தொகையும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், இப்படி ஒரு வீழ்ச்சியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கு இன்னொரு சேமிப்பும் கைவந்த கலை. கோவை மாவட்டம் காடம்பாறையில், மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து நிற்கிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டப்படுகிறது. காற்றும் வெயிலும் பேட்டரியும் சேர்ந்த கலவையை ஒரே ஒப்பந்தத்தில் தரும் உற்பத்தியாளருக்கு இன்று வாங்குவோர் கிடைப்பார்கள். முப்பந்தலில் தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் சிறு காற்றாலைகள் நாட்டின் மிகச் சிறந்த காற்றுத் தடத்தை இன்னும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்துப் பெரிய காற்றாலை நட 2024-இல் மாநில அரசு கொள்கை வகுத்திருக்கிறது. காற்றாலை உரிமையாளர்கள் அதன் நிபந்தனைகளை எதிர்த்து வழக்காடும் நிலை வளர விடாமல், அரசு அவர்களை அழைத்துப் பேச வேண்டும்.

வாங்குவது, விற்பதுபோலவே தேவையை நகர்த்துவதும் வியாபாரம்தான். உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளிடம் உச்சநேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்கப்படுகிறது. வெயில் நேரத்தில் கட்டணத்தை 20 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டின் ஆலைகளுக்கும் அந்தச் சலுகை முழுமையாகக் கிடைத்தால், சாயப்பட்டறையும் நூற்பாலையும் தங்கள் ஓட்டத்தைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளும். 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. மும்முனை மின்சாரம் இரவில் வரும்போது, டார்ச் விளக்கோடு வரப்பில் பாம்பைப் பார்த்துப் பார்த்து மோட்டார் போடப் போகிற விவசாயிக்குப் பகல் முழுவதும் அதே மின்சாரத்தைக் கொடுத்தால், அவருக்கும் நிம்மதி, மின்வாரியத்துக்கும் இரவுச் சுமை குறையும். மகாராஷ்டிரம் கிராமத்து மின்பாதைகளின் அருகிலேயே சூரிய மின்நிலையம் அமைத்து விவசாயத்துக்குப் பகலில் மின்சாரம் தரும் திட்டத்துக்கு, 2024-இல் ஏறத்தாழ 9,000 மெகாவாட்டுக்குப் பணி ஆணை வழங்கியது. இலவச மின்சாரத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். நேரம் மட்டும்தான் மாறுகிறது.

கடைசியாக, மின்வாரியத்திடம் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர், வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று நாளிதழ்கள் நாள்தோறும் அச்சிடுகின்றன. டெல்டா விவசாயி அதைப் பார்த்துத்தான் நாற்று விடுகிறார். அதேபோல், நேற்று சந்தையில் எத்தனை யூனிட் வாங்கினோம், எந்த நேரத்தில், சராசரி என்ன விலைக்கு, எத்தனை யூனிட் விற்றோம், காற்றாலைகளுக்குப் பாக்கி எத்தனை நாள் என்று நான்கே வரியில், தமிழில், தினமும் வெளியிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் மின்கட்டணத்தில் அந்த நான்கு வரிகளின் கணக்குதான் இருக்கிறது. பணம் கட்டுகிறவர்களுக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு.