கம்பெனி கேட் வரை வராத சட்டம்

"வீட்டுச் சண்டைக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை படிக்கட்டும். மனைவி வேலை செய்யும் இடத்துக்குள் கணவன் நுழையக் கூடாது, போனில்கூடத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நடுவர் ஆணையிட 18ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடி உதை மட்டுமே வன்முறை என்றும் சட்டம் சொல்லவில்லை. அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது பொருளாதார வன்முறை.

27ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வேலை செய்யும் ஊரிலோ தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ மனு கொடுக்கலாம். கணவன் வீடு திருவண்ணாமலையில் இருந்தாலும், ஒரகடத்தில் வேலை பார்ப்பவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றம் போதும்.

ஆனால் அந்த நீதிமன்றத்துக்கு அவள் எப்போது போவாள்? மனு வந்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் தீர்ப்புக்கு முயற்சி என்கிறது சட்டம். வாய்தாவுக்கு மேல் வாய்தா என்பதுதான் நாம் காண்பது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேலையே போகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. அந்த வக்கீலைக் கேட்டுப் பெறும் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவள் லைனில் நிற்கிறாள், அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறாள். காவல் நிலையத்துக்குப் போனால், இந்த உரிமைகளை எடுத்துச் சொல்வது காவலரின் கடமை என்கிறது 5ஆம் பிரிவு. காதில் விழுவதோ, "அனுசரிச்சுப் போம்மா."

இதற்கு மேல் ஒரு பூட்டு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மணமானதை மறைத்தால்தான் வேலை என்ற பயம் இருக்கும் இடத்தில், கணவன் மீது மனு கொடுக்க எவள் துணிவாள்? பாதுகாப்பு ஆணை கேட்கும் முதல் வரியிலேயே தான் மனைவி என்று அவள் எழுத வேண்டியிருக்கிறதே.

அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. இத்தனை கட்டில் போட முடிந்த அரசுக்கு, அங்கே ஒரு மேசை போட முடியாதா? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. தொழிற்சாலைப் பெண்கள் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

ஆகவே கேட்போம். சட்டப் பணிகள் குழுவின் வக்கீலும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் விடுதிகளுக்கு வரட்டும். நீதிமன்ற நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், காண்ட்ராக்ட் பெண்களுக்கும் சேர்த்து. ஆணையின் நகல் கம்பெனி செக்யூரிட்டியின் கையில் இருக்க வேண்டும். அதற்காக அவள் வேலை போகக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது திருமணம் பற்றிக் கேட்பதைத் தடைசெய்ய வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை ஆகாது. நிலமும் சாலையும் மின்சாரமும் கம்பெனி வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்த அரசு, சட்டத்தையும் அங்கே கொண்டுபோகட்டும்.