கோவில்பட்டி ஓடுதளம் யாருக்கு?

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் ஒரே பகலில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், கோவில்பட்டியை அடுத்து ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. ஒரு நூற்பாலை நிர்வாகம் தன் சொந்தத் தேவைக்காகப் போட்டது. நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். பயணிகள் விமானத்துக்கு அது போதாது. நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்துக்குத் தாராளம். அங்கே விமானி பயிற்சி நிறுவனம் கொண்டுவரத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முனைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால், இந்தப் பேச்சு முழுக்க முதலீடு, வேலைவாய்ப்பு என்ற கணக்கிலேயே நடக்கிறது. ஓடுதளம் யார் கையில், என்ன நிபந்தனையோடு போகப்போகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளுக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு இருக்கிறது. பொதுப்பணம் உள்ளே வந்த காலத்தில்தான் கிளப்புகளின் கதவு பணக்கார வட்டத்துக்கு வெளியேயும் திறந்தது என்பதும், ஓடுதளத்தில் உறுதியான இடமில்லாத கிளப் நகரம் வளர வளர ஒடுங்கிப்போனது என்பதும் அந்த வரலாற்றைப் படித்தாலே விளங்கும்.

1920-களின் கடைசியில் தில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய ஊர்களில் கிளப்புகள் தொடங்கியபோது அவை வெள்ளை அதிகாரிகளும் பெரும் வணிகக் குடும்பத்தினரும் கூடும் இடங்களாகவே இருந்தன. 1929 பிப்ரவரியில் பம்பாய் கிளப்பில் பயின்று உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாடா எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் விமானி சான்றிதழ் பெற்ற வள்ளல் அழகப்பச் செட்டியாரும் லண்டனை அடுத்த கிராய்டனுக்குப் போய்ப் பயில வசதி உள்ளவராக இருந்தார். ஆனால் கிளப்புகளை நிற்கவைத்தது சீமான்களின் சந்தா மட்டுமல்ல. அன்றைய இந்திய அரசு விமானங்களும் மானியமும் கொடுத்துத்தான் அவற்றை வளர்த்தது. விமானி இல்லாமல் தபால் விமானம் ஓடாது, போர் வந்தால் விமானப் படை நிற்காது என்று கணக்குப் போட்டே அந்த அரசு செலவு செய்தது. கணக்கும் பொய்க்கவில்லை. 1932 அக்டோபரில் டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த தபால், அங்கிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டிய விமானத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் விமானப் படைக்கு ஆள் எடுக்கும் முதல்கட்டப் பயிற்சி இந்தக் கிளப்புகளிடமே ஒப்படைக்கப்பட்டது. தில்லி கிளப்பில் கற்ற மகிந்தர் சிங் பூஜி 1940-ல் பிரிட்டனுக்குப் போய்ப் போர் விமானம் ஓட்டினார்.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை விருதுநகர், தென்காசி மாவட்டத்தார் தனியாகக் கவனிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1932-ல் கோத வர்ம ராஜாவின் முயற்சியில் ராயல் ஃப்ளையிங் கிளப்பின் பகுதியாக ஒரு விமானத் தளம் உருவானது. 1935-ல் அங்கிருந்து பம்பாய்க்குத் தபால் பறந்தது. இன்று வளைகுடாவுக்கு ஆயிரக்கணக்கானோர் ஏறிப் போகும் பன்னாட்டு விமான நிலையத்தின் வேர் அந்தக் கிளப்தான். சென்னையிலும் இதே கதை. 1930-ல் பதிவான மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப், மீனம்பாக்கம் விமான நிலையத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது. பயணிகள் முனையங்களும் சரக்கு வளாகங்களும் பின்னால் வந்தவை. ஆக, ஒரு வட்டாரத்தில் விமானத் துறை எப்படி முளைக்கிறது என்பதற்கு நம் கண்ணெதிரே இரண்டு சான்றுகள். முதலில் கற்பிக்கும் இடம் வந்தது, அதைத் தொடர்ந்து போக்குவரத்து வந்தது.

விடுதலைக்குப் பிறகான இருபது முப்பது ஆண்டுகள்தான் இந்த வரலாற்றின் வளமான பகுதி. புதிய அரசு கிளப்புகளுக்கு மானியத்தைத் தொடர்ந்தது. பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, கிளப்புகளை மனத்தில் வைத்தே புஷ்பக் என்ற சிறு விமானத்தைச் செய்தது. 1958-ல் முதலில் பறந்த அது, நூற்றைம்பதுக்கும் மேல் கட்டப்பட்டு நாடெங்கும் உள்ள கிளப்புகளுக்குப் போனது. மைசூர் அரசு பெங்களூரை அடுத்த ஜக்கூரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மெட்ராஸ் கிளப்பில் பயிற்றுநராக இருந்த வி. சுந்தரம் அங்கே பொறுப்பேற்றார். அவர் மனைவி உஷா சுந்தரம் அந்தப் பள்ளியில் 1949-ல் தேறினார். 1951-ல் சென்னை அரசுக்காக வாங்கிய டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இருவரும் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரு மாநில அரசின் பள்ளி தொடங்கிய வேகத்தில் ஒரு பெண்ணை இந்த இடத்துக்குக் கொண்டுபோனது என்பதை, விமானப் பயிற்சி அரசின் வேலை இல்லை என்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு சரிவு. கிளப் வளர்த்த தளமே கிளப்பை வெளியே தள்ளியது. மீனம்பாக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் ஓடுதளத்தில், மாணவர் ஒருவர் இறங்கி உடனே மேலெழும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய இடைவெளி கிடைப்பதில்லை. ஜக்கூரைச் சுற்றி நகரம் வளர்ந்து கட்டடங்கள் நெருக்கின. பம்பாய் கிளப்பின் நிலைமையை இங்கே விரித்துச் சொல்வது பொருந்தும். தான் இருக்கும் ஜூஹூவின் வான்வெளி நெரிசலில் பயிற்சி நடத்த முடியாமல் அது தன் பயிற்சியை மகாராஷ்டிரத்தின் வடக்கே துலேவுக்குக் கொண்டுபோனது. துலே எப்படிப்பட்ட ஊர்? பருத்தி விளையும் வறண்ட சமவெளியின் மாவட்டத் தலைநகரம். மழை குறைவு, வானம் பெரும்பாலும் தெளிவு, பெரிய விமானங்களின் தொல்லை இல்லை. நாட்டின் மிகப் பழைய கிளப்புகளில் ஒன்று பிழைத்திருக்கத் தேடிக்கொண்ட நிலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் சாத்தூரிலிருந்து கயத்தாறு வரை விரியும் கரிசல் பூமி அதற்கு எந்த வகையில் குறைந்தது? இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் கயத்தாறில் விமானத் தளம் போட்டதும் இந்தச் சமவெளியைப் பார்த்துத்தான்.

இன்று பயிற்சி பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் கையில். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஐம்பது லட்சம் ரூபாய் அளவில் செலவாகிறது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022-ல் 1,165 பேருக்கும் 2023-ல் 1,622 பேருக்கும் இந்த உரிமத்தை வழங்கியது. அவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டில் பறந்து கற்றுவந்தவர்கள். அதாவது நம் குடும்பங்கள் நிலத்தை விற்றும் வங்கிக் கடன் வாங்கியும் புரட்டும் பணம் தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சி நிறுவனங்கள் தரவேண்டிய வருவாய்ப் பங்கை நீக்கி, 2021-லும் 2022-லும் சிறு விமான நிலையங்களில் இடம் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் சேலத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. இது நிறுவனத்தின் சுமையைக் குறைத்தது, சரி. மாணவரின் கட்டணத்தைக் குறைக்கவேண்டும் என்ற கட்டாயம் அதில் எங்கே இருக்கிறது? பழைய மானியத்தின் பலன் பறக்கும் மணி நேரத்தின் விலையில் தெரிந்தது. இன்றைய சலுகையின் பலன் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடலாம்.

ஐம்பது லட்சம் ஆகும் படிப்புக்கு அரசு ஏன் பணம் தரவேண்டும், அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடக் கூரைகளைச் சரிசெய்யலாம் என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. ஆனால் அரசு ஏற்கெனவே செலவு செய்கிறது என்பதே என் பதில். ஓடுதளத்தைச் சீரமைப்பது, சுற்றுச்சுவர் எழுப்புவது, சாலை, மின்சாரம் எல்லாம் பொதுப்பணம். பட்டியலின மாணவருக்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் வணிக விமானி படிப்பு சேர்க்கப்பட்டே இருக்கிறது. அந்தச் செலவுக்கு ஈடாகச் சில இடங்களைக் கட்டணச் சலுகையோடு கேட்டுப் பெறுவது புதிய தானமல்ல, போட்ட பணத்துக்கு உரிய பங்கு. மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்களை வாதாடி வாங்கிய மாநிலம் இது. ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் எடுத்துத் தேறும் ஒரு மில் தொழிலாளியின் மகளுக்கு மருத்துவ இடம் இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், அந்த ஒதுக்கீடு ஒரு காரணம். விமானி இடத்துக்கு மட்டும் அந்த நியாயம் செல்லாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பாதுகாப்பு குறித்த அச்சம் இதைவிடக் கனமானது. 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதி வட்டாரத்தில் சில நாட்கள் இடைவெளியில் ஒரே நிறுவனத்தின் இரண்டு பயிற்சி விமானங்கள் விழுந்தன. இயக்குநரகம் அந்த நிறுவனத்தின் பயிற்சி முழுவதையும் நிறுத்திவைத்தது. கோவில்பட்டிக்கென்றே சில ஆபத்துகளும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்று கடுமையானது. அந்தக் காற்றை நம்பி நட்ட காற்றாலைகள் சமவெளியெங்கும் நிற்கின்றன. மேற்கே மலையடிவாரத்தில் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அதன் மேல் தாழப் பறப்பதை யாரும் அனுமதிக்கக்கூடாது. சிவகாசி, வெம்பக்கோட்டை பகுதிகளில் பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. இவை எல்லாம் பயிற்சிப் பகுதியை வரைபடத்தில் கவனமாக வகுப்பதற்கும், காற்று மிகுந்த மாதங்களில் மாணவர் தனியாகப் பறக்கும் நேரத்தைக் காலைக்குள் முடிப்பதற்கும் உரிய காரணங்கள். திட்டமே கூடாது என்பதற்கு அல்ல. ஆனால் மணிக்கணக்கை முடித்துக் கட்டணத்தை வசூலிப்பதில் மட்டும் குறியாக இருக்கும் நிர்வாகம் இந்தக் கட்டுப்பாடுகளைச் சுமையாகவே பார்க்கும். உள்ளூர் மக்களும் மாவட்ட நிர்வாகமும் எட்டிப் பார்க்கக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பழைய கிளப்புகள் கெட்டது அவற்றின் சொந்த நிர்வாகத்தாலும் அல்லவா என்பார்கள். உண்மைதான். விமானங்கள் பழுதாகி ஹேங்கரில் கிடந்ததும், பயிற்றுநர் இல்லாமல் மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததும் நாட்டின் பல கிளப்புகளில் நடந்தவை. ஆகவே பழைய கிளப்பை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விமானங்களையும் பயிற்றுநர்களையும் தனியார் நிறுவனம் கொண்டுவரட்டும். அதில் அவர்களுக்குத் திறமை இருக்கிறது. நிலமும் ஓடுதளமும் பொது உரிமையில் இருக்கட்டும். பயிற்சிக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பின்னாளில் நகரம் வளர்ந்தாலும் வேறு உபயோகத்துக்கு மாற்ற முடியாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்படட்டும். அருகில் தூத்துக்குடி விமான நிலையம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஓடுதளத்தோடு விரிவடைந்துவிட்டது. பயணிகள் போக்குவரத்துக்கு அது போதும். கோவில்பட்டியைப் பயணிகள் விமான நிலையமாக்கும் ஆசையை இப்போதே கைவிடுவது நல்லது. அந்த ஆசைதான் மீனம்பாக்கத்திலும் ஜூஹூவிலும் கிளப்புகளை ஒடுக்கியது.

எனவே டிட்கோ ஒப்பந்தத்தை இறுதி செய்யும்போது ஏலத் தொகையை மட்டும் பார்க்கக்கூடாது. தென்மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட இடங்கள் சலுகைக் கட்டணத்தில் வேண்டும். விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பப் படிப்பு அதே வளாகத்தில் வேண்டும். விபத்துகளும் விதிமீறல்களும் பற்றிய ஆண்டறிக்கை தமிழில் வெளியாக வேண்டும். கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வரும் கட்சி பாராமல் இந்த மூன்று நிபந்தனைகளையும் அவையில் கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டுப் பயனில்லை.